அக்காவின் அளவில் ஒரு வாஷ்பேசின்

எங்கள் அக்கா குள்ளம். இதைச் சத்தமாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. குரலைத் தாழ்த்திச் சொன்னால்தான் வரும்.

தையல் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் தோளும் இடுப்பும் அவளுக்கு மனப்பாடம். ஒருவருக்கு வெட்டியதை இன்னொருவர் தலையில் கட்டமாட்டாள். ஆனால் அவள் இருந்த வீடுகள் எல்லாம் வேறு யாருக்கோ வெட்டியவை. பிறந்த வீட்டில் முகம் கழுவ முக்காலி, புகுந்த வீட்டில் கவிழ்த்த வாளி. அதன்மேல் ஏறியும் எட்டாமல் கையை உயர்த்தினால், தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைக்கும். காலையில் பாதி ஈரத்தோடு கடை திறப்பாள். "வெளியில மழையா?" என்று கேட்பவர்களை நான் அறையாமல் விட்டது பெரிய விஷயம்.

மாமா போன பிறகு சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினாள். குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. வாஷ்பேசின் மாட்டுவதுதான் பாக்கி. தையல் சாக்பீஸால் தன் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கோடு போட்டு, பிளம்பரிடம் காட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். மேற்பார்வைக்கு எங்கள் அண்ணன் உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் அண்ணன் உட்காருவார்.

மாலையில் நானும் அவளும் போனபோது பேசின் அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது. கோட்டைக் காணோம். துணிக்குப் போட்டுப் பழகிய கை. டைல்ஸில் சாக்பீஸ் கோடு ஒரு ஈரத்துணிக்குக்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"என் கோடு எங்கே?"

பிளம்பர் அண்ணனைப் பார்த்தார்.

"நான்தாம்மா துடைக்கச் சொன்னேன்," என்றார் அண்ணன். "எல்லார் வீட்லயும் இருக்கற உயரம் இதுதான். நாளைக்கு நாலு பேர் வந்தா சிரிக்க மாட்டாங்களா? ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கோ."

ஸ்டூல்! அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, இன்றைக்கு அண்ணன் மாட்டினார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

"நாலு பேர் என்னைக்கோ வருவாங்க. நான் தினமும் மூஞ்சி கழுவணும். கழட்டுங்க."

"கழட்டினா டைல்ஸ்ல ஓட்டை தெரியும்க்கா," என்றார் பிளம்பர். "கழிவுக் குழாய் வேற சுவத்துல மேல இருக்கு. பேசினை இறக்கினா தண்ணி எப்படி ஏறும்?"

"ஏற வேணாம். தரையில வடிகால் இருக்குல்ல, அதுல விடுங்க."

பிளம்பர் குனிந்து பார்த்துவிட்டு, "செய்யலாம். ஆனா பெரியவர் சொல்லாம..." என்று இழுத்தார்.

"பெரியவர் வீடு அடுத்த தெருவுல இருக்கு. இது என் வீடு."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். நாளைக்கு வருவதாகச் சொல்லி பிளம்பரும் நழுவப் பார்த்தார்.

"டிரில் மெஷினை வெச்சுட்டுப் போங்க," என்றாள் அக்கா. வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீரை அடைத்து, நட்டுகளைக் கழற்றி, பேசினை இறக்கினோம். நான் தூக்கிப் பிடித்தேன். அவள் இன்ச் டேப்பால் தன்னை அளந்தாள். இந்த முறை சாக்பீஸ் இல்லை. டைல்ஸ் மேல் ஒட்டும் டேப் ஒட்டி, அதில் பேனாவால் புள்ளி வைத்தாள். டேப் இருந்தால் டிரில் வழுக்காதாம். ஒரு விரிசல் விட்டால் போதும், காலம் முழுக்க அண்ணன் சொல்லிக்காட்டுவார். மூச்சை அடக்கி, மெதுவாகத் துளைத்தாள். வெள்ளைத் தூள் கொட்டியது. டைலில் விரிசல் விழவில்லை.

மாட்டி முடித்து, அடியில் அந்தப் பழைய வாளியை இந்த முறை நிமிர்த்தி வைத்தாள். முகம் கழுவினாள். தண்ணீர் பேசினிலேயே விழுந்தது. ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான்.

மறுநாள் பிளம்பர் குழாயைத் தரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டு, மேலே இருந்த ஓட்டைகளைப் பூசித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அதில் கொக்கி மாட்டித் துண்டைத் தொங்கவிட்டாள்.

கோபம் தணிந்து ஒருநாள் அண்ணன் வந்தார். கை கழுவப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னம்மா இது, மனுஷன் இவ்வளவு குனிய வேண்டியிருக்கு!"

அக்கா மடியில் வைத்திருந்த தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஸ்டூல் போடச் சொன்னீங்க. உங்களுக்கு என்னண்ணே, தரையில பள்ளம் தோண்டட்டுமா?"