ஆந்தைக்காரி வீட்டுப் பின்னறை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளைத் தெருவே ஆந்தைக்காரி என்றுதான் கூப்பிடும். அடிபட்ட பறவைகளை வீட்டில் வைத்துத் தேற்றி, திரும்பவும் காட்டில் விடுவதற்கு வனத்துறையிடம் அவள் அனுமதி வாங்கியிருந்தாள். சம்பளம் கிடையாது; நாற்றம் மட்டும் தாராளம். செத்த எலிகளுக்கென்றே பின்னறையில் தனி ஃபிரிட்ஜ். "இந்த வீட்டுல அதுங்களுக்கு இருக்கற மரியாதை எனக்கில்ல" என்று கணவன் அலுத்துக்கொள்வான். எலியை வெட்டித் தருவதும் அவன்தான்.

விதிகள் கறாரானவை. பறவைக்குப் பெயர் வைக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது. கூட்டிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்று வந்தபோது, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று இடுக்கியால் ஊட்டினாள். இருமல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த்தான் இருமுவாள். மனிதனைக் கண்டு பயப்படாத ஆந்தை காட்டில் உருப்படாது. அந்தப் பயத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலையே.

இந்த விதிகளையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டிய அதிகாரிதான் ஒருநாள் சோதனைக்கு வந்தார். கூடவே மனைவி, மச்சினன், மச்சினன் பிள்ளைகள்.

"உள்ள யாரையும் விடக்கூடாதுங்க சார். நீங்க சொன்னதுதான்."

"அது வெளியாளுக்கும்மா. அனுமதியப் புதுப்பிக்கணும்ல? திற."

அனுமதி போனால் மற்ற கூண்டுகளில் இருக்கும் பருந்துகளையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். திறந்தாள்.

அன்றோடு விட்டாரா அந்த மனுஷன்? வாராவாரம் வந்தார். ஆந்தைக் குஞ்சுக்கு ராசா என்று பெயர் வைத்தார். கையாலேயே கறி ஊட்டினார், தோளில் ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு அறையில் தங்கும் சென்ட் வாசனைக்கு எலி நாற்றமே தேவலாம். வாயைத் திறக்காமல் நின்ற தன்மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விடும் நாளன்று அதிகாரியும் வந்து நிற்க, ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் பெட்டியைத் திறந்தாள். ஆந்தை எழும்பியது. சிறகில் ஒரு குறை இல்லை. சத்தமே இல்லாமல் அத்தனை அழகாகப் பறந்தது. ஆனால் மரத்துக்குப் போகவில்லை. ஒரு வட்டமடித்து, அதிகாரியின் தோளில் வந்து உட்கார்ந்து வாயைப் பிளந்தது.

அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா? என்னை மறக்கல."

மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் விட்டாலும் அந்தத் தோள்தான்.

"ம்... வெளிய விட லாயக்கில்ல. ஊசி போட்டுட வேண்டியதுதான்" என்றார் அவர்.

"கூண்டுல வச்சாவது நான் பாத்துக்கறேன் சார். சாகடிக்க வேணாம்."

"உன் அனுமதியில அதுக்கு இடமில்லம்மா. விதின்னா விதிதான், எனக்கொண்ணு உனக்கொண்ணா?"

சொல்லிக்கொண்டே ஆந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தார். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"கைய எடுய்யா" என்றாள்.