ரட்ட இந்தியும் இரண்டு பிரசவமும்

தோட்டத்து மிட்வைஃபுக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்வது சுலபம். தாய்மார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. இதே வேலையில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

என்ன மருந்து?

யாழ்ப்பாணத்திலிருந்து தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. எனக்குச் சிங்களம் அரைகுறை. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த செல்வி, கிளினிக் டொக்டர் ரட்ட இந்தி சாப்பிடச் சொன்னதாகவும், சாப்பிட்டால் பிரசவம் சுலபமாகுமா என்றும் கேட்டாள். இந்தி என்று ஒரு மருந்தா? படித்த மருந்துகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். என் முழியைப் பார்த்தவள், பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

“பேரீச்சம்பழம் மிஸ். நாங்க சிங்களத்துலயே சொல்லிப் பழகிட்டோம்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

செல்வி இருந்த லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டு லெட்சுமிக்கும் ஒன்பதாம் மாதம். அவளுக்குக் கர்ப்பத்தில் இரத்தச் சீனி கூடியிருந்தது. அதே டொக்டர் அவளுக்குப் பேரீச்சம்பழம் வேண்டாம் என்றுவிட்டார்.

அவளுடைய முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்துபோனது. அந்தப் பயத்தில் புருஷன் மகேந்திரன் அவிசாவளைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கி வந்திருந்தான். சீனியைப் பற்றி நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

“செல்விக்கு மட்டும் சொகமா பொறக்கணும், எங்க லெட்சுமிக்கு வேணாமா மிஸ்?”

ஆஸ்பத்திரியில்

கடைசியில் லெட்சுமியே அந்தப் பெட்டியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டாள். செல்வி ஒருநாளும் விடாமல் தின்றாள்.

முதலில் வலி கண்டது லெட்சுமிக்கு. த்ரீவீலரில் அவள் என் கையைப் பிடித்தபடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கையோடு மகன் பிறந்தான். அவன் அழுத சத்தம் கேட்டபிறகுதான் மகேந்திரன் வாசலில் உட்கார்ந்தான். அடுத்த சில நாளில் செல்விக்கு விடியற்காலையில் தொடங்கிய வலி பொழுது சாயும்வரை இழுத்தது. மகள் பிறந்தாள்; தாயும் பிள்ளையும் சுகம்.

இரண்டாவது பிரசவம் என்பதால் லெட்சுமிக்குச் சீக்கிரம் ஆனதா, பழம் தின்றிராவிட்டால் செல்விக்கு இன்னும் இழுத்திருக்குமா? டொக்டரிடமே கேட்டேன். சிலருக்கு உதவலாம், யாருக்கென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதைப் போய்ச் சொன்னபோது செல்வி களைத்துக் கிடந்தாள்.

“அப்ப நான் தின்ன பழமெல்லாம் எங்க போச்சு மிஸ்?”

இப்போதும் ஒன்பதாம் மாதத்துப் பெண்கள் கேட்டால், சீனி இல்லாதவர்களைச் சாப்பிடச் சொல்கிறேன். எதற்கு என்று கேட்டால் மட்டும், ருசியாக இருக்கும் என்கிறேன்.