சாகாமல் வேலைக்குப் போனவன்

எங்கள் நாடகக் குழுத் தலைவரே, மேடையில் நீங்கள் சொன்னது பொய். நாடகத்தின் முடிவு உங்கள் யோசனை இல்லை.

தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் கதாநாயகனைக் கடைசிக் காட்சியில் நான் சாகடித்திருந்தேன். நம் ஊர் குளுவாங்கிலிருந்து போகும் தொழிற்சாலை பஸ்ஸில், பக்கத்து இருக்கைத் தோழியிடம் அதைச் சொன்னேன்.

“அலமாக்! அவன ஏங்க்கா கொல்றீங்க? விடியக்காலைல எழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்புங்க லா. அதவிடக் கொடும வேற இருக்கா?” என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அந்தக் காட்சி மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. மேடையில் அவன் ஹெல்மெட்டை மாட்டியதும் மண்டபமே எழுந்து கைதட்டியது. என் கதைகளில் உருப்படியானவை எல்லாம் அவள் பேச்சில் பிறந்தவை. எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளை அழைத்து வருகிறேன். எல்லார் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்: அந்த முடிவு யாருடையது?