டென்ட்டை விட்டு வண்டிக்கு: நாலு பேருக்குக் கொள்ளுமா, கொள்ளாதா?

இன்று காலை, பாலக்காட்டில் ஒரு பழைய வண்டி விற்கும் யார்டுக்குள் குடும்பத்தோடு படுத்து எழுந்து வந்தேன்!

(சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.)

பத்து வருடமாக நாங்கள் டென்ட் குடும்பம். நான், மனைவி செல்வி, மகள்கள் மித்ரா, இனியா. கேரள எல்லையில் இருக்கும் எருத்தேன்பதியிலிருந்து காரில் ஸ்டவ், பாய், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், கிடைத்த இடத்தில் டென்ட் அடித்துத் தூங்குவோம்.

போன மழையில் டென்ட் கிழிந்தது. இனியாவுக்குக் காய்ச்சல். அன்றே முடிவு செய்தோம், இனி மோட்டார்ஹோம்தான்!

எனக்கு அது ஆசை. செல்விக்கு அது ஆசைக்கும் மேலே.

செல்வி சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அங்கே வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். வேலை இருக்கும்வரைதான் வீடு. மாமனார் ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போடிக்கு இறங்கிவிட்டார்கள். அதிலிருந்து பன்னிரண்டு வருடமாகச் செல்வி பிறந்த ஊரில் ஒரு ராத்திரி கூடத் தூங்கியதில்லை.

அவளுடைய பெரியப்பா மகன் முருகேசண்ணன் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். ஒரே அறை, ஆறு பேர். ஒவ்வொரு முறையும் நாங்கள் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவர்தான் கூனிக் குறுகுவார்.

"இருந்துட்டுப் போங்கன்னு சொல்ல ஆசதாம்மா. எடம் கொள்ளாதே!"

டென்ட் போடலாம் என்றால் யானை வரும். ரூம் போடலாம் என்றால் செல்விக்குக் கோபம் வரும்.

"பொறந்த ஊருல போயி ரூம் சாவி வாங்கவா? நான் என்ன டூரிஸ்ட்டா?"

அதனால் எப்போதும் வெயில் இறங்குவதற்குள் திரும்பிவிடுவோம். பூப்பாறை தாண்டும்வரை அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

இந்த முறை முருகேசண்ணன் மேனேஜரிடம் கேட்டு, லயத்துக்கு முன்னால் டிராக்டர் திரும்பும் இடத்தில் வண்டி நிறுத்த அனுமதி வாங்கிவிட்டார். சுற்றிலும் வீடு, வெளிச்சம். பயமில்லை. இனி வண்டிதான் பாக்கி!

போன வாரம் விளம்பரத்தில் ஒரு சின்ன வண்டியைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டு யார்டுக்கார சேட்டனுக்கு போன் போட்டேன்.

"ஏனுங்க, அந்தச் சின்ன வண்டி நாலு பேருக்குக் கொள்ளுமுங்களா?"

"கொள்ளாம் சாரே, நல்லோணம் கொள்ளாம்!"

சந்தோஷமாகக் கிளம்பிப் போனோம்.

முதலில் பெரிய வண்டியைக் காட்டினார். பாத்ரூம், ஃப்ரிட்ஜ், டிவி, திறந்தால் தண்ணீர் வரும் குழாய்! டார்ச் பிடித்துக்கொண்டு புதருக்குள் போன பத்து வருடமும் கண்முன்னால் வந்து போனது. நான் அந்த பாத்ரூம் கதவைத் திறந்து திறந்து மூடினேன்.

"அப்பா, இதையே வாங்கிக்கலாமுங்கப்பா" என்றாள் மித்ரா.

செல்வி கைப்பையிலிருந்து ஒரு கொடிக்கயிற்றை எடுத்தாள்! டிராக்டர் திரும்பும் இடத்துக்கு முருகேசண்ணன் போனில் சொன்ன அளவுக்கு வீட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறாள். பம்பரில் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நடந்தாள். கயிறு முடிந்துவிட்டது. வண்டி முடியவில்லை.

"இது அங்க நிக்காதுங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

எனக்கும் ஆசை விட்டுப்போனது. (பாத்ரூமே, போய் வா.)

அடுத்து சின்ன வண்டி. கயிற்றுக்குள் அடங்கியது! ஆர்.சி. புக்கில் கேம்பர் வேன் என்றே ஏற்றியிருந்தார்கள். சீட் நாலு. ஆனால் படுக்கை?

இரண்டு பேருக்கு!

"ஏனுங்க, நாலு பேருக்குக் கொள்ளுமின்னு சொன்னீங்களே?"

சேட்டன் முழித்தார். "வண்டி கொள்ளாம்னல்லே ஞான் பறஞ்ஞது!"

மலையாளத்தில் கொள்ளாம் என்றால் 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம்; அவர் சொன்னது அதைத்தான். ரேஷன் கார்டு முதற்கொண்டு மலையாளத்தில் வைத்திருக்கும் எனக்கு அது தெரியாதா? தெரியும்! ஆசை காதை அடைத்துவிட்டது.

செல்வி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். சீட்டை மடக்கினாள்.

"நீளவாக்குல படுத்தா ரெண்டு பேருதான். குறுக்க படுங்க. எங்க லயத்துல ஆறு பேரு இப்பிடித்தான் படுப்போம். பெரியவங்க காலை மடக்கிக்கிடணும், அம்புட்டுதான்."

படுத்தோம். நாலு பேரும்!

மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதில் ஒரு வேப்பங்கிளையும் கொஞ்சம் வானமும். ரோட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இனியாவின் கால் என் வயிற்றின் மேல்.

"அங்க விடியக்காலைல பனி கதவு வரைக்கும் வரும்" என்று செல்வி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். "எஸ்டேட் சங்கு ஊதும். ஊதி முடிச்சதும் எல்லா வீட்டுலயும் லைட் எரியும். அப்பா கட்டன் டீ போடுவாரு..."

யார்டில் வெயில் கொளுத்துகிறது. எனக்குக் குளிர்ந்தது. பனி ஜன்னலில் ஊர்வது போல, நாங்கள் அங்கேயே விழித்துக் கிடப்பது போல இருந்தது. நான் பாதி தூங்கியேவிட்டேன்.

டக் டக்!

"எங்ஙனே உண்டு சாரே?" எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சேட்டன் கதவைத் தட்டுகிறார்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து செல்வி சத்தமாகச் சொன்னாள்.

"கொள்ளாம்!"

எந்த மொழியில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்!

வெளியே வந்ததும் அவள் முதலில் போன் போட்டது முருகேசண்ணனுக்கு. ஸ்பீக்கரில் அவர் குரல் வழக்கம்போலக் கூச்சத்தோடு வந்தது.

"ஏம்மா, அதுல எல்லாருக்கும் எடம் கொள்ளுமா?"

"கொள்ளும்ணே" என்றாள் செல்வி. சிரிக்கிறாள், கண் நிறைந்திருக்கிறது. "நீங்களும் வந்து படுங்க. இந்தவாட்டி நீங்க எங்க வீட்டு விருந்தாளி."

(குறுக்கே படுத்தும் ஐந்தாவது ஆளுக்கு இடம் பண்ணத் தெரிந்தவர்கள் கமென்ட்டில் வாருங்கள். அண்ணனுக்கு உயரம் ஆறடி!)