வேலி இல்லாத கேம்ப்

புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது ஃபிரிஸ்கோவிலிருந்து மாலதி கூப்பிட்டார். பயண விவரங்களைப் பேசி முடித்த பிறகு, ஃபோனை வைக்கப் போகும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், அந்த கேம்ப்ல ரூம் கதவுக்கு மேல, கைக்கு எட்டாத உயரத்துல தாழ்ப்பாள் இருக்குங்களா?"

டெக்சாஸில், ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான இர்விங்கில் டிராவல் ஏஜென்சி நடத்திய காலத்தில் நான் பெரும்பாலும் ஆப்பிரிக்க சஃபாரிகளைத்தான் ஏற்பாடு செய்தேன். தடுப்பூசி பற்றிக் கேட்பார்கள், சைவச் சாப்பாடு பற்றிக் கேட்பார்கள். தாழ்ப்பாள் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மாலதியும் கணவர் சிவகுமாரும் ஈரோட்டுக்காரர்கள். இருவரும் ஐடி வேலையில் இருந்தார்கள். ஒரே மகள் இனியாவுக்குப் பத்தொன்பது வயது. அவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகத்தில் இடம் போட்டிருந்தேன். அரசுப் பூங்காவைப் போல அங்கே கார்கள் வரிசையில் நிற்காது. ஜீப்பிலேயே பாதையை விட்டு இறங்கி விலங்குகளின் அருகில் போகலாம். நான் தேர்ந்தெடுத்த கேம்ப்புக்கு வேலி கிடையாது. அறைகளுக்கு நடுவே யானை நடக்கும், சில நாள் சிங்கமும் வரும். இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் யாரும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்டேன். மாலதி மெல்லச் சொன்னார். இனியாவுக்கு ஆட்டிசம். பேச்சு சில சொற்கள்தான். கதவு திறந்திருந்தால் வெளியே நடந்துவிடுவாள். ஒருமுறை கார்கள் பறக்கும் freeway ஓரத்தில் நடந்துகொண்டிருந்தவளைப் போலீஸ்தான் அழைத்து வந்தது.

அவர்கள் நிரப்பித் தந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். உடல்நிலை பற்றிய கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று இருந்தது.

மறுநாள் கோபத்தோடுதான் ஃபிரிஸ்கோவுக்கு drive பண்ணிப் போனேன். அந்த வீட்டில் ஒவ்வொரு கதவின் மேலேயும் தாழ்ப்பாள் இருந்தது. இனியா சோஃபாவில் உட்கார்ந்து டேப்லெட்டில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். யானைகள் ஒரு குட்டையில் தண்ணீர் குடிக்கும் காட்சி. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைத்தாள். வருடக்கணக்காக இதையே பார்ப்பதாக மாலதி சொன்னார். அவள் விரும்பிக் கேட்பது இது ஒன்றைத்தானாம்.

கேம்ப்பைப் பற்றி நான் அனுப்பிய குறிப்புகளைப் படித்தீர்களா என்று சிவகுமாரிடம் கேட்டேன். படித்ததாகச் சொன்னார். படித்த பிறகும் எப்படி மறைத்தீர்கள் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம் முன்னாடி உங்களுக்குத்தாங்க முதல்ல எழுதுனேன். பிள்ளையப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு சஃபாரி சரிப்படாதுன்னு பதில் போட்டீங்க. அதனாலதான் இந்தத் தடவை மாலதி பேர்ல கேட்டோம்."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆஃபீஸுக்குத் திரும்பிப் பழைய மெயில்களில் தேடினேன், இருந்தது. அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். என் பதில் இரண்டு வரி. அதை நான் எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அந்த கேம்ப்பை ரத்து செய்தேன். ஆறு லாட்ஜுகளுக்கு எதையும் மறைக்காமல் எழுதினேன். நான்கு மறுத்தன. ஒன்று பதிலே போடவில்லை. ஆறாவது லாட்ஜைச் சுற்றி மின்வேலி உண்டு. அதற்குள் குடும்பத்துக்கென்று தனி வீடும் தனி ஜீப்பும் இருந்தன. அதன் மேனேஜர் ஒரு பெண். வீடியோவில் மாலதியோடு பேச வேண்டும் என்றார். பயந்தால் இனியா என்ன செய்வாள், எந்தச் சத்தம் ஆகாது, அறிமுகம் இல்லாதவர் தொடலாமா, வெளியே நடந்தால் எந்த நேரத்தில் நடப்பாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பதில் சொல்லிக்கொண்டே வந்த மாலதி பாதியில் அழுதுவிட்டார். மேனேஜர் காத்திருந்து, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அந்த லாட்ஜிலேயே இடம் கிடைத்தது. அங்கே முதல் நாள் ஜீப் கிளம்பியதுமே இனியா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். மறுநாள் ஜீப் பக்கமே அவள் போகவில்லை. கூட்டி வந்ததே தப்போ என்று தோன்றுவதாக சிவகுமார் மெசேஜ் அனுப்பினார்.

மூன்றாம் நாள் மதியம், வேலிக்கு வெளியே வீட்டுக்கு எதிரில் இருந்த குட்டைக்கு யானைகள் வந்தன. இனியா வாசல்படியில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை. கடைசி யானையும் போன பிறகு அப்பாவைப் பார்த்து, "Drinking" என்றாள்.

நான்காம் நாள் விடிகிற நேரத்தில், பெற்றோர் தூங்கும்போது, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கதவின் மேலே இருந்த தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய்விட்டாள். காவலர் பார்த்துவிட்டார். மேனேஜர் சொல்லி வைத்திருந்தபடி, அவளைத் தொடாமல், வேலிக்குப் போகவிடாமல் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டே வாக்கி-டாக்கியில் வீட்டுக்குத் தகவல் சொன்னார். அன்று காலை வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணில் சிங்கத்தின் புதுத் தடம் இருந்தது.

ஊர் திரும்பியதும் சிவகுமார் என் ஆஃபீஸுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். "நாம முதல்ல போட்ட கேம்ப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அவர்கள் சொன்ன பொய் அந்தப் பெண்ணின் உயிரை வாங்கியிருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குக் காட்டியது என் இரண்டு வரி.

அதன் பிறகு உடல்நிலைக் கட்டத்தை மட்டும் நம்பி நான் யாருக்கும் இடம் போட்டதில்லை. ஃபோன் பண்ணி, உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், காலையிலிருந்து சொல்லுங்கள் என்பேன். சிலர் அரைமணி நேரம் பேசுவார்கள். குறுக்கே பேசமாட்டேன். அப்படிக் கேட்ட பிறகும் சிலருக்கு முடியாது என்று சொல்ல வேண்டி வந்தது. எதனால் முடியாது, வேறு எங்கே முடியும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.