பணிவுள்ள பேய்

ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் போன் எடுப்பவருக்கு ஆபீசில் 'சாந்தம்' என்று பட்டப்பெயர். பகல் முழுக்கக் கண்டவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்பார்.

சாயங்காலம் வீடு வந்ததும் மகளின் கம்ப்யூட்டரில் பேய் விளையாட்டு. முகம் தெரியாத நாலு பேர் எங்கெங்கோ இருந்து ஆன்லைனில் சேர்ந்து, ஓடி ஒளிவார்கள். பேயாக வருபவர் அவர்களைப் பிடிக்க வேண்டும். சாந்தம் எப்போதும் பேய்தான். அலமாரிக்குள் பதுங்கியவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, மென்று விழுங்கிவிட்டு, தொழில் பழக்கத்தில் மைக்கில் கனிவாகக் கேட்டுவிடுவார்: "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

கோரப்பல்லுக்கு அசராதவர்களும் அந்தக் கனிவுக்கு அலறினார்கள். "பேய் இப்படியாப்பா பேசும்? மானம் போகுது" என்று ஒருநாள் ராத்திரி மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் போனில் தாம்தூம் என்று குதித்தார். "இன்னிக்கே ஆள் வரலைன்னா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்!"

"நாளைக்குக் கண்டிப்பா வருவாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

மறுமுனையில் தாம்தூம் சட்டென்று இறங்கிவிட்டது.

"சார்... நேத்து அலமாரிக்குள்ள இருந்தது நான்தான் சார். ஆளெல்லாம் அனுப்ப வேண்டாம். ஃபிரிட்ஜ் தானாவே சரியாயிடுச்சு."