ஆப் பொருத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரோடு மட்டும்தான் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறேன். பேசியதெல்லாம் போனில் குறிப்பு எடுத்து வைக்கும் ஆப்களைப் பற்றி.

அப்போது நான் மைசூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். படித்தது, கேட்டது, தோன்றியது எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் வாழ்க்கை சீராகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்கேற்ற ஆப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றின் நிறம் பிடிக்கவில்லை. இன்னொன்றில் தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நின்றது. குறிப்பு எழுதியது கொஞ்சம்தான். எதில் எழுதலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்ததே அதிகம்.

மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலவே தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்டவர்கள். அவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கேசரிபாத் தட்டுகள் உள்ளே போனதும் பெரியவர்கள் எங்களை மாடி அறைக்குப் பேச அனுப்பினார்கள். எங்கள் இருவருக்கும் கன்னடம்தான் சரளம். ஆனாலும் வந்த இடத்துக்கு மரியாதையாகத் தமிழில் ஆரம்பித்தார்.

"நோட்ஸ் எல்லாம் எதுல எடுக்கறீங்க?"

சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவாயா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொன்னேன். அவர் முகம் வாடியது. என்னுடைய ஆப் வெறும் அலமாரி, போட்டது போட்ட இடத்தில் கிடக்கும் என்றார். பிறகு தன் போனை எடுத்து, இதுதான் தன்னுடைய இரண்டாவது மூளை என்று காட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள், புள்ளிகளுக்கிடையே கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணமாம், ஒவ்வொரு கோடும் ஒரு லிங்க்காம். அளவு தப்பிய கோலம் மாதிரி இருந்தாலும், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நாங்கள் இறங்கி வந்தபோது அப்பா ஜாதகப் பையை எடுத்து மடியில் வைத்திருந்தார். அவ்வளவு நேரம் பேசினால் வேறென்ன அர்த்தம்?

அடுத்த சில வாரங்கள் தினமும் சாயங்காலம் போன் வரும். நான் பால்கனிக்குப் போனால் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நான் குறிப்புகளை ஃபோல்டரில் போடுகிறவளா, டேக் ஒட்டுகிறவளா என்று கேட்டார். ஃபோல்டர் என்றேன். மாற்றிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார்.

மாற்றுவதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சந்தித்தோம். மசால் தோசை ஆறிக்கொண்டிருக்க, என் குறிப்புகளையெல்லாம் அவருடைய ஆப்புக்கு ஏற்றினார். எல்லாம் தலைப்பை இழந்து வந்து சேர்ந்தன. எது எதுவென்று தெரியாததால் முதல் முறையாக என் குறிப்புகளைத் திறந்து படித்தேன். 'இதைப் பற்றி யோசிக்கவும்' என்று ஒன்றில் இருந்தது. எதைப் பற்றி என்று இல்லை. மீதி பெரும்பாலும், நல்ல குறிப்பு எடுப்பது எப்படி என்ற கட்டுரைகள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "உங்க நோட்ஸ்ல எதையாவது திரும்பிப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

நேர்மையாக யோசித்தார். "படிக்கறதுக்கு எங்க நேரம்? லிங்க் பண்றதுக்கே சரியா இருக்குதுங்க."

சிரிக்காமல் சொன்னார். அந்த நிமிஷம்தான் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரமே அந்த ஆப்பை இலவசமாகத் தருவதை நிறுத்தப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. எல்லாவற்றையும் வேறொன்றுக்கு மாற்ற வேண்டும், ஒரு மாதமாவது பிடிக்கும், கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். நான் வீட்டில் அப்படியே சொன்னேன்: அவர் மாறிக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் சொல்வார்.

அப்பா வீடு மாறுகிறார் என்று எடுத்துக்கொண்டார். நஞ்சன்கூடு தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்தவர்களிடமெல்லாம் வாடகை வீடு விசாரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, சாமான் ஏற்ற வண்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவும் பாவம், "எதையோ மாத்தீட்டே இருக்கறானுங்க, சோறு திங்கக்கூட வர்றதில்லீங்க" என்றிருக்கிறார். அப்பாவுக்கு மாப்பிள்ளைமேல் மதிப்பு கூடிவிட்டது. பையன் பொறுப்பானவன் என்றார்.

சொன்ன மாதம் போய் இன்னொரு மாதமும் போனது. ஒருநாள் கூப்பிட்டு, புது ஆப்பில் கன்னடத்தில் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை, பணம் கட்டிப் பழையதற்கே திரும்பப் போவதாகச் சொன்னார். கல்யாணப் பேச்சு இன்னும் தள்ளிப்போகும். நான் வேண்டாம் என்றேன். ஆப்பையா, தன்னையா என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன். அப்படியானாலும் ஏற்றிக் கொடுத்த குறிப்புகளை அழித்துவிட வேண்டாம், கஷ்டப்பட்டுச் செய்தது என்றார்.

அழிக்கவில்லை. வீட்டில் காரணம் சொல்லத்தான் திணறினேன். இன்னும் நிலையாகவில்லை என்று மட்டும் சொன்னேன். மைசூரில் வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டமா என்று அப்பா வருத்தப்பட்டார்.

அந்த வாரம் சாயங்காலம் போன் வரவில்லை. பழக்கத்தில் பால்கனிக்குப் போய்ச் சும்மா நின்றேன். உள்ளே அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.